பத்து தசம் நாலு

நவம்பர் 5

இந்தக் கொப்பியில் ட்ரக்கைப் பற்றி மட்டும்தான் எழுதப்போகிறேன். வேறு கதை எழுத எனக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை.

எல்லாம் குலநாயகத்தால் வந்தது. இறைச்சித் தொழிற்சாலையில் என்னோடு ஒரே மேசையில் நின்று வருடக்கணக்காக மாடு வெட்டியவன். சைவக்காரர் இரண்டு பேர், கனடாவில் வந்து செய்த வேலையைப் பாருங்கள். நான் ட்ரக் வாங்கியதைப் பார்த்துத்தான் அவனும் வாங்கினான். அதே எட்டுச் சிலிண்டர், அதே நாலு கதவு, பின்னால் அதே நீளப் பெட்டி. நிறம் மட்டும் வேறு. இன்று கடை வாசலில் என்னை மறித்து, "சபா அண்ணை, என்ர ட்ரக் நூறு கிலோமீற்றருக்குப் பதினொரு லீற்றர்தான் குடிக்குது. உங்கடை என்ன மாதிரி?" என்று கேட்டான்.

"என்ரையும் அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னுடையது பதினாலு குடிக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவன் நான். ஸ்டார்ட் எடுப்பதற்கு மட்டும் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோல் விடுவோம். அந்தப் போத்தலைத் தங்கம் மாதிரி வைத்திருப்போம். அப்படிப்பட்ட என்னை இவன் எண்ணெய்க் கணக்கில் வெல்வதா?

இந்தக் குளிர்காலம் முழுக்க வியாழக்கிழமைகளில் கல்கரிக்குப் போய்வர வேண்டும். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். என் மனைவி மலருக்கு அங்கேதான் மருந்து ஏற்றப்போகிறார்கள். ட்ரக்கைப் பழக்கி எடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

நவம்பர் 7

முதல் ஓட்டம். 13.6.

இரவே இயந்திரத்தைக் கரண்டில் கொளுவி வைத்தேன். இந்த ஊரில் குளிர்காலத்தில் எல்லா வண்டியும் முன்னால் வயர் தொங்கத்தான் நிற்கும். சூடான இயந்திரம் குறைவாகக் குடிக்கும். வீட்டு வாசலில் மீற்றர்ப் பொத்தானை அமத்திச் சைபர் ஆக்கிவிட்டு வெளிக்கிட்டேன். திரும்பி வந்து அதே வாசலில் நிற்பாட்டும்போது, நூறு கிலோமீற்றருக்குச் சராசரி எத்தனை லீற்றர் என்று மீற்றர் காட்டுவதுதான் கணக்கு. கல்கரிக்குப் போகும்போது மெல்லிய ஏற்றம், மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும். வரும்போது இறக்கம், அதே காற்று பின்னால் நின்று தள்ளும். ஆகவே வந்த வழியை மட்டும் சொல்கிறவன் கள்ளன். போய்வந்த கணக்கைச் சொல்கிறவன்தான் மனிதன்.

தொண்ணூறுக்கு மேல் போகவில்லை. பெரிய லொறிகள் எல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின.

"இஞ்சருங்கோ, செத்த வீட்டுக்குப் போற ஆக்கள் எண்டு நினைக்கப்போறாங்கள். கொஞ்சம் அமத்துங்கோவன்" என்றாள் மலர்.

"அமத்தினால் குடிக்கும்."

"குடிக்கட்டும். நீங்கள் குடிக்கிறேல்லைத்தானே, அதெண்டாலும் குடிக்கட்டும்."

அவள் இருக்கிற பக்கத்துக் கதிரைக்குச் சூடேற்றுகிற பொத்தான் ஒன்று இருக்கிறது. ட்ரக்கில் அவளுக்குப் பிடித்தது அது ஒன்றுதான். "இடுப்புக்கு ஒத்தடம் குடுக்கிற மாதிரி இருக்கு" என்பாள். அவள் நித்திரையானதும் அதை அணைத்துவிட்டேன். சும்மா ஏன் எரிப்பான்?

நவம்பர் 14

13.1. குளிரில் ரயரின் காற்று தானாக இறங்கிவிடும். நாலு ரயருக்கும் காற்று அடித்தேன்.

மருந்து ஏற்றுகிற அறையில் எனக்கும் ஒரு கதிரை தந்தார்கள். நான் இருக்கவில்லை. கீழே போய்ப் பின்பெட்டியின் மூடியை இறுக்கினேன். காற்று உள்ளே போய்ச் சுழன்றால் அதற்கும் ட்ரக் குடிக்கும்.

நவம்பர் 21

12.8.

கதிரையின் தலை வைக்கிற இடமெல்லாம் மயிர். மலர் வீட்டுக்குள் போன பிறகு நான் வெளியிலேயே நின்று கூட்டி எடுத்தேன். ட்ரக்கை எப்போதும் துப்புரவாக வைத்திருக்க வேண்டும்.

நவம்பர் 28

12.7. போன கிழமைக்கு இந்தக் கிழமை ஒரு சிறங்கைதான் மிச்சம்.

இன்று யோசித்தேன். பின்பெட்டியில் நாலு மண் மூட்டை கிடக்கிறது. பின்பக்கம் வெறுமையாக இருந்தால் பனியில் ட்ரக் வழுக்கும் என்று இங்கே எல்லோரும் போடுவார்கள். பாரம் குறைந்தால் குறைவாகக் குடிக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூட்டைகளை இறக்கிக் கராஜில் வைத்தேன்.

மலர் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். தலையில் நான் வாங்கிக் கொடுத்த கம்பளித் தொப்பி. "உதுகளை ஏன் இறக்கிறியள்?" என்று கேட்டாள். "சும்மா" என்றேன்.

டிசம்பர் 5

கணக்கு இல்லை.

பாதி வழியில் ட்ரக் வழுக்கி றோட்டோரக் கானுக்குள் இறங்கிவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. பின்பக்கம் வெறும் பெட்டி, றோட்டில் கண்ணாடி மாதிரி ஐஸ், அரைச் சுற்றுச் சுற்றிப் போய்ப் பனிக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. மலர் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள்.

"மூட்டையை இறக்கினியள் என்ன?"

"ஓம்."

"நல்லது. இண்டைக்கு லீவு."

ஒரு கமக்காரர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து இழுத்து எடுக்க மத்தியானமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு போன் எடுத்துச் சொன்னோம். மருந்தை ஒரு கிழமை தள்ளிப்போட்டார்கள். திரும்பி வரும்போது மலர் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துத் தன் கையாலேயே போட்டாள். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். மருந்து தவறியதற்கு ஒருத்தி இவ்வளவு சந்தோசப்படலாமா? எனக்குக் கோபம் வந்தது. சாப்பிடுகிறாளே என்று பேசாமல் இருந்தேன்.

மூட்டைகளைத் திரும்பவும் ஏற்றிவிட்டேன்.

டிசம்பர் 12

14.2.

வரும் வழியில் நாலு தரம் நிறுத்தவேண்டி வந்தது. மலருக்கு வயிற்றைப் பிரட்டிக்கொண்டே இருந்தது. தயிர் வாளியொன்றைக் கையில் கொடுத்திருந்தேன், ஆனாலும் அவளுக்கு ட்ரக்குக்குள் சத்தி எடுக்க மனம் வராது. நின்று நின்று வெளிக்கிட்டால் எந்த வண்டியும் குடிக்கத்தான் செய்யும். மீற்றரைப் பார்க்காத மாதிரித்தான் இருந்தேன்.

வீட்டு வாசலில் அவளே எட்டிப் பார்த்தாள். "எனக்காக நிப்பாட்டி நிப்பாட்டி உங்கட கணக்குப் பிழைச்சுப்போச்சு என்ன?"

"காத்தும் பிழையான பக்கம்" என்றேன்.

"மூஞ்சையைப் பாருங்கோ, கப்பல் கவிண்ட மாதிரி" என்றாள்.

டிசம்பர் 19

14.5. அதே கதை.

ஜனவரி 9

15.0. சரியான குளிர். ஒரு இடத்திலும் இயந்திரத்தை அணைக்க முடியவில்லை. மலர் இரண்டு போர்வைக்குள் இருந்தும் நடுங்கினாள். நான் ஹீற்றரை உச்சத்தில் விட்டேன். பதினைந்து என்பது வெட்கக்கேடு. குலத்திடம் சொல்லக்கூடாது.

ஜனவரி 14

பொங்கல். மலர் கதிரையைப் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தாள், நான் பொங்கினேன். அடிப்பிடித்துவிட்டது. ரொறன்ரோவில் இருந்து மகள் ஆரணி வீடியோவில் வந்தாள். "அம்மா, நான் லீவு போட்டுட்டு வாறன்" என்றாள்.

"இந்தக் குளிருக்குள்ள ஏன் பிள்ளை? வெயில் காலத்தில வா. அப்பா உன்னை ட்ரக்கில ஏத்திக்கொண்டு திரிவார். தொண்ணூறிலதான் போவார், நீ பயப்பிடத் தேவையில்லை."

மூன்று பேரும் சிரித்தோம்.

ஜனவரி 23

பத்து தசம் நாலு! 10.4!

கண்ணை நம்பமுடியவில்லை. கொட்டுகிற பனிக்குள் போகவர றோட்டைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை, வீட்டு வாசலில் நிற்பாட்டித்தான் மீற்றரை மூன்று தரம் பார்த்தேன். போய்வந்த முழுக்கணக்கு 10.4. அதுவும் குளிர்காலத்தில், நாலு மண் மூட்டையோடு. இந்தப் பகுதியிலேயே எட்டுச் சிலிண்டர் ட்ரக்கில் ஒருவனும் எடுத்திருக்கமாட்டான்.

இன்று மருந்து ஏற்றவில்லை. டொக்டர் படங்களைப் பார்த்துக் கதைக்க மட்டும்தான் கூப்பிட்டிருந்தார். ஆரணியையும் போனில் எடுத்து வைத்தார்கள், அவள்தான் தமிழில் சொல்லவேண்டும் என்று. கொஞ்ச நேரத்தில் மலர், "நீங்கள் போய் ட்ரக்கைச் சூடாக்குங்கோ, நான் வாறன்" என்றாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்காகத்தான் இயந்திரத்தை ஓடவிட்டேன், இல்லாவிட்டால் நான் அப்படிச் செய்கிறவன் அல்ல. அவள் வர நல்ல நேரம் எடுத்தது. அவளை ஏற்றிவிட்டுக் கண்ணாடியெல்லாம் பனி தட்டினேன். அதற்குப் பிறகும் 10.4 வந்திருக்கிறதென்றால் காற்று எப்படித் தள்ளியிருக்கும்! இயந்திரமும் இப்போதுதான் பழகியிருக்கிறது.

"டொக்டர் என்னவாம்?" என்று வழியில் கேட்டேன். "மருந்தை மாத்தப்போறாராம்" என்றாள். அவளுக்கும் என் சந்தோசம் பிடித்திருந்தது. நான் குலத்துக்கு போன் பண்ணிச் சொல்லும்போது பக்கத்திலேயே இருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 1

குலம் நேரிலேயே வந்துவிட்டான். தன் மனைவி சமைத்துக் கொடுத்த ஒடியற்கூழோடு. என்ன செய்தாய் என்று துருவித் துருவிக் கேட்டான். காற்று, ரயர், மூடி, தொண்ணூறு என்று வரிசையாகச் சொன்னேன். கதிரைச் சூட்டை அணைப்பதையும் சொன்னேன்.

குலம் சிரித்தான். "அண்ணை, கதிரைச் சூட்டுக்கு எவ்வளவு கரண்ட் போகும்? ஒரு பல்பு எரிக்கிற மாதிரி. அதால மீற்றர் அசையாது. அக்காவைப் போட்டு விறைக்க வைச்சிருக்கிறியள்!"

மலர் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். "அவருக்குச் சொல்லாதை தம்பி. நான் நித்திரை மாதிரிக் கிடக்கிறது, அவர் அணைக்கிறது, பிறகு நான் போடுறது. எங்களுக்கு அது ஒரு விளையாட்டு" என்றாள்.

எனக்கு இது தெரியாது. அவள் திரும்பப் போட்டதை நான் ஒரு தரமும் கவனிக்கவில்லை. இனிமேல் அந்தப் பொத்தானில் கை வைப்பதில்லை.

பிப்ரவரி 6

வியாழன். போகவில்லை. இனி ஒவ்வொரு கிழமையும் கல்கரிக்குப் போகத் தேவையில்லையாம். இங்கேயே ஒரு தாதி வீட்டுக்கு வந்து பார்ப்பாராம். மலர்தான் சொன்னாள். நல்லதுதான், எவ்வளவு பெற்றோல் மிச்சம்.

ஏன் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 13

ட்ரக் வாசலில் நிற்கிறது. பனி தட்டினேன்.

பிப்ரவரி 20

பனி தட்டினேன். ஓடாத வண்டியின் பற்றரி இறங்கிவிடும் என்று கொஞ்சநேரம் ஓடவிட்டு உள்ளே இருந்தேன். பக்கத்துக் கதிரையில் மலரின் தொப்பியில் இருந்து உதிர்ந்த கம்பளி நூல் கிடந்தது. பயமாக இருக்கிறது. எதற்கென்று எழுதமாட்டேன்.

மார்ச் 6

வியாழன். காலையில் மலர், "இஞ்சருங்கோ, இண்டைக்கு வியாழன்தானே. ஒருக்கா ஓடுவம்" என்றாள்.

"எங்க?"

"கல்கரிப் பக்கம். ஆஸ்பத்திரி வேண்டாம். அந்தப் பாதி வழியில கோப்பிக் கடை இருக்கெல்லே, அதுமட்டும்."

கைத்தாங்கலாகக் கொண்டுபோய் ஏற்றினேன். முன்பெல்லாம் படியில் கால் வைத்துத் தானே ஏறுவாள். இன்று தூக்கித்தான் வைத்தேன். ஒரு பாரமும் இல்லை. கதிரைச் சூட்டை நானே போட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பனி கரைந்து வயலெல்லாம் மண்நிறம் தெரியத் தொடங்கியிருந்தது. கோப்பிக் கடை வாசலில் ட்ரக்குக்குள்ளேயே இருந்தோம். அவள் கோப்பியைக் குடிக்கவில்லை, கையில் பிடித்துக்கொண்டு மணந்தாள்.

"ஆரணி பிறக்கேக்க நினைவிருக்கோ?" என்று கேட்டாள். "மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளில என்னை ஏத்திக்கொண்டு போனியள். வழியில மூண்டு தரம் நிண்டது. பெற்றோல் போத்தல் என்ர கையிலதான். நோவு வர வர இறுக்கிப் பிடிச்சன். ஒரு சொட்டும் சிந்தேல்லை."

"சிந்தியிருந்தால் றோட்டிலதான் பிள்ளை."

"அதுதான் சொல்லுறன். உங்கட எண்ணெயை நான் ஒருநாளும் வீணாக்கேல்லை." பிறகு மீற்றரைக் காட்டி, "அந்தப் பத்து தசம் நாலு நான் செய்தது" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"அண்டைக்கு நீங்கள் இறங்கிப் பனி தட்டேக்க, நான்தான் பொத்தானை அமத்தினனான். போன கணக்கெல்லாம் அழிஞ்சுபோச்சு. வந்த வழி மட்டும்தான் அந்தப் பத்து தசம் நாலு."

எனக்கு வந்த கோபத்தை எழுதத்தான் வேண்டும். முழுதாக ஆறு கிழமை ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். குலம் தன் ட்ரக்குக்கு ரயர்கூட மாற்றிவிட்டான். "வந்த வழியை மட்டும் சொல்லுறவன் கள்ளன், உமக்குத் தெரியாதோ?" என்று கத்திவிட்டேன். பிறகு வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 7

காலையில் எழும்பித் தேத்தண்ணீர் போடும்போதுதான் மண்டையில் ஏறியது. அது எந்த நாள்? டொக்டர் படங்களைப் பார்த்துக் கதைத்த நாள். என்னைக் கீழே அனுப்பிவிட்டு அவள் மேலே தனியாக இருந்த நாள்.

தேத்தண்ணீரோடு கட்டில் ஓரத்தில் போய் இருந்தேன்.

"அண்டைக்கு டொக்டர் என்ன சொன்னவர்?"

"இவ்வளவு நாளும் நீங்கள் கேக்கேல்லை."

"இப்ப கேக்கிறன்."

சொன்னாள். அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை, இது ட்ரக் கொப்பி. ஆரணிக்கு அன்றைக்கே தெரியும். எனக்குச் சொல்லவேண்டாம் என்று மலர்தான் பிள்ளையை மறித்து வைத்திருக்கிறாள்.

"அதைக் கேட்டுப்போட்டு வந்து, நீர் பொத்தானையோ அமத்தினனீர்?" என்று கேட்டேன்.

"என்னை ஏத்திவிட்டிட்டு, நீங்கள் அந்தப் பனிக்குள்ள நிண்டு என்ர பக்கத்துக் கண்ணாடியைத்தான் முதல் துடைச்சுக்கொண்டு நிக்கிறியள். மீற்றரைப் பாத்தன், பதினஞ்சுக்குக் கிட்டக் காட்டுது. வீட்டை போய் அதைப் பாத்திட்டு மூஞ்சையைத் தொங்கப்போடுவியள். எனக்கு அண்டைக்கு உங்கட சிரிச்ச முகத்தை ஒருக்காப் பாக்கவேணும் போல இருந்தது. வேறை என்ன கேட்டனான் உங்களிட்டை?"

நான் அழுதேன். அவள் என் தலையைத் தடவினாள். வருத்தக்காரி அவள், தடவுகிறதும் அவள்.

ஆரணிக்கு போன் பண்ணி வரச்சொன்னேன்.

மார்ச் 19

இன்று மலரைக் கிடத்திக்கொண்டு கல்கரி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எவ்வளவு வேகம் என்று தெரியாது. மீற்றரைப் பார்க்கவில்லை.

மார்ச் 27

மலரைக் கல்கரியில் இருந்து எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டில் இருந்து நடந்து போகிற தூரம். ஆரணி வந்து எட்டு நாளாகத் தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் படுக்கை. ட்ரக்குக்கு வேலை இல்லை.

மலர் கொஞ்சம்தான் கதைக்கிறாள். இன்று என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "குலத்திட்டைச் சொல்லிப்போட்டியளோ?" என்று கேட்டாள்.

"இல்லை."

"சொல்லாதையுங்கோ. இருக்கட்டும்."

ஏப்ரல் 11

மலர் நேற்றுக் காலை போய்விட்டாள். நானும் ஆரணியும் பக்கத்தில் இருந்தோம். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அது குளிர்ந்துகொண்டே போயிற்று. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 14

கல்கரியில் எரித்தார்கள். குலம்தான் தன் ட்ரக்கில் எங்களைக் கொண்டுபோனான். வேகம் போக நூற்றிருபது, வர நூற்றிருபது. அவன் மீற்றரைப் பார்க்கவேயில்லை. பார்க்கிறானா என்று நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 17

வியாழன். சாம்பலை எடுக்க நான் தனியாகப் போனேன். ஆரணி வருகிறேன் என்றாள், குலமும் வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். வியாழக்கிழமை நாங்கள் இரண்டு பேரும்தான் போகிறது.

பனியெல்லாம் போய்விட்டதால் மண் மூட்டைகளை நேற்றே இறக்கிவிட்டேன். வீட்டு வாசலில் பழக்கதோசத்தில் பொத்தானை அமத்தினேன். தொண்ணூறில் போனேன். லொறிகள் ஹோர்ன் அடித்தன. அடிக்கட்டும். நான் எங்கே போகிறேன் என்று இந்த முறை அவர்கள் சரியாகத்தான் நினைத்தார்கள்.

ஊரென்றால் காடாத்திச் சாம்பல் அள்ளி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக் கடலில் கரைத்திருப்போம். இங்கே ஒரு மேசைக்கு முன்னால் இருத்தி, கையெழுத்து வாங்கி, ஒரு பெட்டியை எடுத்துத் தந்தார்கள். கோட்டுப் போட்ட ஒரு பெடியன், பாரமாக இருக்கும், கவனமாகப் பிடியுங்கள் என்று இங்கிலீசில் சொன்னான். மூன்று கிலோ அரிசிப் பை அளவுதான் இருக்கும். அவனுக்கு என்ன தெரியும்?

பின்பெட்டியில் வைக்க மனம் வரவில்லை. பக்கத்துக் கதிரையில் வைத்துப் பெல்ற்றைப் போட்டேன். அவளுடைய போர்வை பின் கதிரையில் கிடந்தது, அதை எடுத்துச் சுற்றிவிட்டேன். பிறகு கதிரைச் சூட்டைப் போட்டேன்.

இன்று காற்று என்பதே இல்லை. போகும்போது எதிர்க்கவும் இல்லை, வரும்போது தள்ளவும் இல்லை. கோப்பிக் கடை வாசலில் நிற்பாட்டப் பார்த்தேன், முடியவில்லை, நேரே வந்துவிட்டேன். ஒருவரும் சத்தி எடுக்கவில்லை. ஒருவரும் கொஞ்சம் அமத்துங்கோ என்று சொல்லவில்லை. வழியில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்து மீற்றரைப் பார்த்தேன். பத்து தசம் இரண்டு.

போய்வந்த முழுக்கணக்கு. ஒருவரும் பொத்தானை அமத்தாத கணக்கு. பாரம் குறைந்தால் குறைவாகக் குடிக்கும் என்று நான்தான் இந்தக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். குளிர்காலம் முழுக்க எதற்காகப் பாடுபட்டேனோ அது இன்று வந்து என் முன்னால் நிற்கிறது. எனக்கு அந்த இலக்கத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவள் இல்லாமல்தான் இந்த ட்ரக் நன்றாக ஓடும் என்று அது எனக்குச் சொல்கிற மாதிரி இருந்தது.

இயந்திரத்தை அணைக்கவில்லை. அப்படியே இருந்தேன். கையைப் பக்கத்துக் கதிரையில் வைத்தேன், சூடாக இருந்தது. நின்ற இடத்தில் நின்றுகொண்டு ட்ரக் சும்மா பெற்றோலைக் குடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமோ தெரியாது, 10.3 ஆகியது.

ஆரணி வாசல் கதவைத் திறந்து வந்து கண்ணாடியில் தட்டினாள். "அப்பா, ஏன் நிப்பாட்டாமல் இருக்கிறியள்? வந்து ஏதாவது சாப்பிடுங்கோவன்."

"கொஞ்சம் பொறு பிள்ளை. அம்மாவுக்குக் குளிரும்."

அவள் போர்வையைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பின் கதவைத் திறந்து ஏறி, தாய்க்குப் பின்னால் இருந்த கதிரையில் இருந்துகொண்டாள். மூன்று பேரும் வீட்டு வாசலில் அப்படியே இருந்தோம்.

மீற்றர் 10.4 என்று மாறியது.

நான் திறப்பைத் திருப்பி இயந்திரத்தை அணைத்தேன். குலத்துக்கு இனி ஒன்றும் சொல்லத் தேவையில்லை. போய்வந்த கணக்கு, பத்து தசம் நாலு.